டென்ஷனர் மாற்றிய பிறகு

கிடங்குக்காரரின் மோட்டார் சைக்கிளைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய அவசியம் அந்தத் தெருவில் யாருக்கும் இருந்ததில்லை. தகர டப்பாவுக்குள் ஒரு கைப்பிடி ஆணியைப் போட்டுக் குலுக்கினால் எப்படியிருக்கும், அப்படி ஒரு சத்தம் அதன் வயிற்றுக்குள்ளிருந்து வரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று தொடங்கும். கொஞ்சம் சூடானால் குறையும். ஆக்ஸிலேட்டரை விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். மாலையில் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியிடம் வேகத்தைக் குறைத்துத் திரும்புவார் அல்லவா, அப்போதுதான் அது உச்சத்துக்குப் போகும். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்று எதிர்வீட்டு டெய்லர் மிஷினை நிறுத்தாமலே சொல்வார். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் முணுமுணுப்பார்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லாத ஒரே ஆள் அவர் மனைவிதான்.

அவளைத் தெருவில் பிசிறக்கா என்பார்கள். தைத்து முடித்த சட்டைகளைக் கம்பெனியிலிருந்து மூட்டையாக வாங்கிவந்து, அவற்றில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. எப்போது பார்த்தாலும் தலையிலோ தோளிலோ ஏதாவது ஒரு கலரில் நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். பேரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அதே கம்பெனியில், தைத்த சட்டைகளில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் நின்றவள். அவள் சிரித்தால் அடுத்த கட்டடத்தில் துணி வெட்டுகிறவர்கள் தலை தூக்கிப் பார்ப்பார்களாம். கல்யாணமான பிறகு அவள் வெளியே போய் வேலை பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவதற்கு மட்டும் தடை சொல்லவில்லை. ஒரே மகள். எழுந்தால் நடக்க மாட்டாள், தாவித்தான் போவாள் என்பதால் அம்மா அவளுக்குத் தவளை என்று பேர் வைத்திருந்தாள்.

கிடங்குக்காரருக்குத் தெருவில் நல்ல பேர். ஒரு மொத்த வியாபாரக் கிடங்கின் சரக்குப் பொறுப்பு முழுக்க அவரிடம். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். குடி கிடையாது, புகை கிடையாது. தெருவில் குழாய் உடைந்தால் முதல் ஆளாக வந்து நிற்பார். "கொடுத்து வச்சவ நீ" என்று பிசிறக்காவிடம் சொல்லாத பெண் கிடையாது. அவளும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருவாள்.

கதவைச் சாத்தினால் அவர் வேறு ஆள். கிடங்கில் பெட்டி இருப்பதுபோல வீட்டிலும் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். காலில் ஒரு நூல் ஒட்டினால் போதும். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் போதும். மகள் ஒரு தாவு தாவினால் போதும். கத்த மாட்டார். முதலில் சாவியை ஆணியில் மாட்டுவார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி, கண்ணாடி கீழே படாதபடி மேசைமேல் வைப்பார். கடிகாரம் மேசைக்குப் போனால் அன்றைக்கு அடி விழும். முகத்தில் அடிக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரியும் அடிக்க மாட்டார். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த அவளுடைய அக்கா, தங்கையின் தோளைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று அவரிடமே நேருக்கு நேர் கேட்டாள். அதோடு அக்காவுக்கு அந்த வீட்டு வாசல் மூடியது. போனில்கூடப் பேசக் கூடாது என்றானது.

ஆனால் அக்கா தினமும் மாலையில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். இவளும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் டிவியில் பொம்மைப் படம் ஓடும். தவளை சட்டை மூட்டை மேலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து தரைக்கும் தாவுவாள். தரை முழுக்க நூல் சிதறிக் கிடக்கும். தொட்டி முனையில் அந்தக் கடகடப்பு கேட்டதும் வீடு ஒரு குட்டிக்கரணம் போடும். டிவி நிற்கும், போன் கட்டாகும், அக்காவின் நம்பர் அழியும், துடைப்பம் ஒரு வீச்சில் நூலையெல்லாம் வழித்துக்கொண்டு போகும், தவளை புத்தகத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். அவர் வண்டியை நிறுத்திக் கேட்டைத் திறந்து உள்ளே வரும்போது வீடு போட்டோவில் இருப்பதுபோல இருக்கும். இதையெல்லாம் அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பால் பொங்கினால் கை தானாக அடுப்பை அணைக்கிறதே, அப்படி. அந்த வருஷங்களில் வாங்கிய அடியைவிட அந்தச் சத்தத்தால் தப்பிய அடிதான் அதிகம்.

கெட்ட காலம் கிடங்கு முதலாளியின் வாய் வழியாக வந்தது. ஒருநாள் வெளியூர் வியாபாரிகளோடு பேசிக்கொண்டிருந்த முதலாளி, வாசலில் இவர் வண்டி வந்து நிற்கவும், "அது யாருடைய அரவை மிஷின்?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சுமை தூக்குகிறவர்களும் சிரித்திருக்கிறார்கள். அன்று மாலை வீட்டில் தரையில் ஒரு நூல் இல்லை, டிவி ஓடவில்லை, விளக்கு எரியவில்லை. இருந்தும் கடிகாரம் மேசைக்குப் போனது.

அடுத்த விடுமுறை நாளில் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தார். மெயின் ரோட்டில் கடை வைத்திருந்த பெருத்த ஆள். கையும் வாயும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ரகம். நீளமான ஒரு ஸ்குரூடிரைவரின் நுனியை இஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டான். டாக்டர் மாதிரி "மூச்சை இழுங்க" என்று வண்டியிடம் சொன்னான்.

"உள்ள ஓடற டைமிங் செயின் சார். செயின் நல்லாத்தான் இருக்கு. அதைத் தொய்ய விடாம அழுத்திப் பிடிக்கிற டென்ஷனர் செத்துப்போச்சு. செயின் உள்ள கிடந்து சுவத்துல அடிச்சுக்குது."

பிசிறக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று பார்த்தாள். சிலிண்டரின் பின்பக்கம் இரண்டு போல்ட்டைக் கழற்றி, கட்டைவிரல் அளவு ஒரு சாமானை வெளியே எடுத்தான். அதன் முனையிலிருந்த தண்டை விரலால் அமுக்கினான். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது, போனது போனதுதான், திரும்பி வரவில்லை. ஸ்பிரிங்கில் உயிர் இல்லை என்றான். புதியதை எடுத்து, தண்டை உள்ளே முறுக்கி, வெளியே வராதபடி ஸ்குரூடிரைவரால் பிடித்துக்கொண்டு பொருத்தினான். போல்ட்டை இறுக்கிவிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்ததும் உள்ளே டக்கென்று ஒரு ஓசை. அவ்வளவுதான் வேலை. ஸ்டார்ட் செய்தான். வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இனிமே நீங்க வர்றது வீட்ல இருக்கறவங்களுக்கே தெரியாது சார்" என்றான் மெக்கானிக்.

கிடங்குக்காரர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்து நாளாகியிருந்தது. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு வண்டியைக் கடைக்குக் கொண்டுவரும்படியும், ஆயிலை மாற்றி வால்வையும் ஒருமுறை பார்த்துத் தருவதாகவும் சொல்லிவிட்டு மெக்கானிக் கிளம்பினான். அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் சில நாள் அவள் ஜாக்கிரதையாக இருந்தாள். போன் பேசவில்லை, மகளைத் தாவ விடவில்லை. பழக்கம் என்பது பொல்லாதது. ஒருநாள் அக்கா விடாமல் கூப்பிட்டாள், எடுத்தாள். அக்கா ஏதோ கேலி சொன்னாள், இவள் சிரித்தாள். செக்கிங் மேசைக் காலத்துச் சிரிப்பு அது. சிரித்து முடித்துத் திரும்பினால் நிலைப்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. தவளை மூட்டை மேல் நின்றபடி நின்றுவிட்டாள். தரையெங்கும் நீல நூல்.

"யாரு போன்ல?" என்று கேட்டுக்கொண்டே அவர் சாவியை ஆணியில் மாட்டினார்.

அன்றைக்கு அவளுடைய இடது தோளில் ஏதோ பிசகியது. அதற்குப் பிறகு அந்தக் கை காதுக்கு மேலே போகவில்லை.

அதைவிட மோசம் என்னவென்றால், இத்தனை வருஷமாக வீடு தன்னைக் காதால் கேட்டு ஏமாற்றியிருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துபோனது. கணக்கு பிசகினால் விடாமல் துருவுகிற மனுஷன். நேரங்கெட்ட நேரத்தில் வரத் தொடங்கினார். தொட்டி முனையிலேயே இஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைச் சரிவில் உருள விட்டு வந்து நிற்பார். கேட்டின் கீலுக்கு அவரே எண்ணெய் போட்டார். பால்காரர் கதவைத் தட்டினாலும், பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தாலும் அவள் துடைப்பத்தை எடுத்துவிடுவாள்.

தவளை தாவுவதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஜன்னலை விட்டு நகர்வதில்லை. வீட்டுப்பாட நோட்டை ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதுவாள், தெருவைப் பார்ப்பாள், ஒரு வரி எழுதுவாள். போய் விளையாடு என்று அம்மா சொன்னாள்.

"நீ பெரியம்மாகூட பேசும்மா. நான் பார்த்துக்கறேன்" என்றாள் அவள். தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் முடித்த சட்டைகளைக் கம்பெனியில் போட்டுவிட்டு வருகிற வழியில் பிசிறக்கா மெக்கானிக் கடையில் ஏறினாள். வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் அங்கே போனதும் மறந்துவிட்டது. அன்றைக்குக் கழற்றிய பழைய சாமான் இருக்கிறதா, அதையே திரும்ப மாட்ட முடியுமா என்று கேட்டாள்.

மெக்கானிக் சிரித்துவிட்டான். "ஏன்க்கா, சத்தம் இல்லாம தூக்கம் வரலையா?"

"அவர் வர்றது எனக்குக் கேக்கணும்" என்றாள்.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் இடது கையை உடம்போடு அணைத்துப் பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தான். கையிலிருந்த கிரீஸை ஒரு துணியில் துடைத்தான், துடைத்த கையையே திரும்பத் துடைத்தான். அந்தப் பழைய டென்ஷனரைப் போட முடியாது என்று மெதுவாக விளக்கினான். அதோடு இவ்வளவு நாள் ஓடியதே பெரிய விஷயம். செயின் ஒரு பல் தாண்டினால் போதும், வால்வு பிஸ்டனில் போய் இடித்து, ஓடுகிற வண்டி அப்படியே பிடித்துக்கொள்ளும். பின்னால் லாரி ஏதாவது வந்தால் ஆள் அவ்வளவுதான்.

ஐயோ என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பழைய சாமான்கள் கிடந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை அங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்பதை அவன் கவனித்தான்.

"அக்கா, அது என்னால ஆகாது."

"நான் அதைக் கேக்கலை."

கேட்கவில்லைதான். ஆனால் ஒரு நொடி மனசு அங்கே போய்த் தொட்டுவிட்டு வந்தது அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காக அவரைப் பார்த்துப் பயந்தவள் அன்றைக்கு முதல் தடவையாகத் தன்னைப் பார்த்துப் பயந்தாள். காலி மூட்டையைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கியவளை அவன் கூப்பிட்டான். வேறு யாருக்கும் கேட்காத குரலில் பேசினான். சார் ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்ற வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு போல்ட்டுக்கு மேல் ஒருத்தரை நம்பாத ஆள், முடிகிறவரை பக்கத்திலேயேதான் நிற்பார் என்றான்.

"இஞ்சினைத் திறந்துட்டா, நான் மூடினாத்தான் வண்டி நகரும். எவ்வளவு நேரம் வேணும்னு மட்டும் சொல்லுங்க."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, அது இவ்வளவு சின்ன விஷயமா என்று திகைப்பாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் வேணும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, சட்டை மூட்டை கட்டும் சாக்கில் தன்னுடைய துணியையும் மகளுடைய துணியையும் புத்தகங்களையும் போட்டுக் கட்டினாள். அவள் மூட்டையோடு போவதைத் தெரு தினமும் பார்த்ததுதான். டெய்லர்கூட நிமிரவில்லை. தவளையிடம் பெரியம்மா வீட்டுக்கு என்று பஸ் ஏறிய பிறகுதான் சொன்னாள். அந்தப் பக்கம் மெக்கானிக் கடையில் என்ன நடந்தது என்பது வெகுநாள் கழித்து டெய்லர் மூலமாகத் தெரிந்தது. வால்வு மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு நட்டைக் கீழே போட்டுத் தேடினானாம். மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் கிழிந்துவிட்டது என்று வேறு கடைக்கு ஆள் அனுப்பினானாம். கிடங்குக்காரரின் கையிலேயே டார்ச் விளக்கைக் கொடுத்து இங்கே பிடிங்க சார், அங்கே பிடிங்க சார் என்று நிற்க வைத்தானாம். இருட்டுகிற நேரத்தில்தான் வண்டி கடையை விட்டு நகர்ந்ததாம்.

போனதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அக்கா வீடு இரண்டே அறை. அக்கா புருஷன் கெட்டவர் இல்லை, ஆனால் ஒரு வாரம் தாண்டியதும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேசாமல் உட்காரத் தொடங்கினார். கிடங்குக்காரர் இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கசங்காத சட்டை, கலங்கிய கண். மகளைப் பிரிந்து தூங்க முடியவில்லை என்று அவர் சொன்னபோது அக்கா புருஷனே மூக்கைத் துடைத்துக்கொண்டார். கிடங்குக்காரர் நடிக்கவில்லை என்பது பிசிறக்காவுக்குத் தெரியும். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அடிக்கிற கைதாம்மா அணைக்கும்" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"அணைக்கவும் வேணாம்னு சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

கிடங்குக்காரர் வேறு வழியில் பேசினார். தெருவுக்குத் திரும்பிப் போய் யாரையும் திட்டவில்லை. வண்டி கடையில் மாட்டிக்கொண்டிருந்த அன்றைக்குத்தானே இவள் போனாள் என்று மட்டும் இரண்டொருவரிடம் வருத்தமாகச் சொன்னார். மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது. நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். இவளுக்கும் மெக்கானிக்குக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அந்தத் தெரு வண்டிகள் அவன் கடைக்குப் போவது நின்றது. பிறகு அடுத்த தெரு வண்டிகளும் நின்றன. அவன் கடையைக் காலி செய்துகொண்டு ஊரின் வேறு கோடிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு, டெய்லரிடம் நம்பர் வாங்கி ஒருமுறை கூப்பிட்டாள். எடுத்தது அவன் மனைவி. தான் யாரென்று இவள் சொன்னாள். உடனே போன் கட்டானது. அவனுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது, கிடக்கிறது.

பிறகு ஒற்றை அறை ஒன்று பார்த்துக்கொண்டு தனியாக வந்தாள். வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. இடது கை தூக்க வராததால் மேசைக்கு முன்னால் ஒரு பலகை போட்டு ஏறி நின்றுகொள்வாள். அங்கே அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. விவாகரத்து வழக்கு நடந்தது. வாய்தாமேல் வாய்தாவாக இழுத்தது. தோளைப் பற்றி அவர் தரப்பு வக்கீல், மூட்டை தூக்குகிறவளுக்குத் தோள் வலிக்காதா என்று கேட்டார். கடைசியில் மாதத்தில் ஒரு நாள், கோர்ட்டுக் கட்டடத்திலேயே ஓர் அறையில், அப்பா மகளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பானது.

முதல் தடவை தவளை வெறுங்கையோடு போய்வந்தாள். இரண்டாம் தடவை கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா சில நாள் நல்லவர்தானேம்மா?"

பிசிறக்கா யோசித்தாள். பொய் சொல்லலாம். நல்லவர் என்றும் சொல்லலாம், கெட்டவர் என்றும் சொல்லலாம்.

"சில நாள்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்பு ஷூ, நல்ல ஷூ. இந்த ஒரு வருஷத்தில் அவள் கால் நன்றாக வளர்ந்திருந்தது. எப்படியும் கடிக்கும், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே அம்மா கீழே உட்கார்ந்து மாட்டிவிட்டாள். விரல் நுனியை அமுக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது. போன தடவை பார்த்தபோதே கண்ணால் அளந்து வைத்திருக்கிறார். மகள் எழுந்து, தாவாமல், அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்துபோய், திரும்பி நடந்து வந்தாள்.